இடது பக்கத்து பிரேக்

ஞாயிறு காலை ஏழே முக்கால் மணிக்கு, நான்கு அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு நாச்சிமுத்து பட்டறைக்குள் நுழைந்தார்.

"அம்மிணி, இதுல எதைப் போடறது?"

பெட்டிகளில் இருந்தவை பிரேக் பேடுகள். ஒன்று செராமிக். ஒன்று உலோகத்தூள் கலந்தது. ஒன்று பந்தயத்துக்கானது. நாலாவது, காரோடு வந்த அதே கம்பெனிச் சரக்கு. பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க் இன்னும் வாங்கவில்லை. துளை போட்டதா, கோடு கீறியதா, சாதாரணமானதா என்று மாதக்கணக்கில் படித்தும் முடிவாகவில்லை.

அம்மிணி என்று அவர் அழைத்த சுகந்திக்கு நாற்பத்து மூன்று வயது. ரேலி பந்தயக் கார்களில் பல ஆண்டுகள் ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து படித்துச் சொன்னவர். இப்போது சிங்காநல்லூரில் பிரேக் வேலை மட்டும் பார்க்கிறார். பந்தயத்துக்குப் போகிறவர்கள் அவரைக் குரு என்பார்கள். அந்தப் பெயருக்கு அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொன்று. பம்ப்செட் ஃபாக்டரியை மகனிடம் கொடுத்துவிட்டு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே இருக்கை.

"என்னத்துக்குங்ணா மாத்தணும்?"

"நிக்கணும் அம்மிணி. மிதிச்சா வண்டி அப்படியே நிக்கணும்."

"இப்ப நிக்கறதில்லீங்களா?"

"நிக்குது. ருக்குமணி நம்ப மாட்டேங்கறா."

ருக்குமணி அவர் மனைவி. ஓராண்டு அந்தக் காரில் போனார். பிறகு ஒரு நாள், கோபமே இல்லாமல், இனி பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"உடுமலையில அவ தங்கச்சி வீடு. சனிக்கிழமையானா போவோம். அவ பஸ்ல. நான் கார்ல. நான் முன்னாடியே போயி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்குவேன்."

"எதுக்குங்?"

"அவ எறங்கறதைப் பாக்கத்தான்."

"அப்புறம்?"

"கையைக் காட்டுவா. ஆட்டோவுல ஏறிப் போயிருவா."

சுகந்தி சிரிக்கவில்லை.

"ஃபாக்டரி, ஃபாக்டரின்னே இருந்துட்டேன் அம்மிணி. அவளை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. இனி ரெண்டு பேரும் ஊர் ஊராப் போலாம்னுதான் இதை வாங்கினேன். நல்ல பிரேக்காப் போட்டுட்டா ஏறிருவா. நிக்கும்னு தெரிஞ்சா பயம் போயிருமில்ல?"

சுகந்தி பெட்டிகளைத் திறக்கவில்லை. இடது கதவைத் திறந்தார். கால் வைக்கக் கீழே போட்டிருந்த ரப்பர் மேட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

வலது கால் படுகிற இடத்தில் மேட் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

"அந்தப் பக்கம் பெடலே இல்லையே அம்மிணி."

"இல்லீங். அதான் கேக்கறேன். இவ்வளவு அமுக்கி பிரேக் போட்டது யாருங்?"

நாச்சிமுத்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டார். வெகுநேரம் விரலை வெளியே எடுக்கவில்லை.

சுகந்தி டார்ச் அடித்து சக்கரங்களுக்குள் பார்த்தார்.

"இந்த பேடு இன்னும் ஒரு மாசம் தாங்கும். ஏறுங்ணா, ஒரு நடை போயிட்டு வரலாம்."

இடது இருக்கையில் உட்கார்ந்ததும் சுகந்தி முந்தின நாள் பேப்பரைப் பிரித்தார். கார் திருச்சி ரோட்டுக்கு வந்ததும் உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"ஆனைமலை அருகே சினை எருமை ஒன்று மூன்று நாட்களுக்கு முன் காணாமல் போனது. எருமையின் உரிமையாளர்..."

சிக்னல் சிவந்தது. நாச்சிமுத்து கடைசி நொடியில் மிதித்தார். கார் அப்படியே நின்றது. சுகந்தியின் தலை முன்னால் போய்த் திரும்பியது.

"வரி தவறிருச்சுங்ணா."

முதலிலிருந்து படித்தார். ஆனைமலை அருகே சினை எருமை ஒன்று. ஒண்டிப்புதூரில் ஒரு லாரி குறுக்கே வந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

"எருமைக்கு என்னாச்சு அம்மிணி?"

"தெரியலீங். இன்னும் அங்க வரலை."

"கீழ ஒரு பார்வை பாத்துச் சொல்லீருங்களேன்."

"இந்த ஆட்டத்துல கண்ணு அவ்வளவு தூரம் போகாதுங்."

சூலூர் வரை போய்த் திரும்பினார்கள். எருமை கிடைக்கவில்லை.

"இதே பேப்பர் எங்க வீட்லயும் கெடக்குது. போயிப் படிச்சுக்கறேன்" என்றார் நாச்சிமுத்து.

"படிச்சுக்குங். அப்படியே அந்தப் பெட்டியில எது வேணுமோ அதையும் போட்டுக்குங். என்னைக் கேக்க வேண்டாம்."

வீட்டில் அவர் அந்தப் பேப்பரைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறு வந்தார். உரிமையாளர் போலீஸில் புகார் கொடுத்தது வரை கேட்டார். பீளமேட்டு வீட்டிலிருந்து வந்துபோகும் வழியெல்லாம், தூரத்தில் சிக்னல் தெரிந்தவுடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பழகினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இந்தக் காரை வைத்துக்கொண்டு ஏன் மாட்டுவண்டி ஓட்டுகிறீர்கள் என்று ஒருவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

மூன்றாம் ஞாயிறு வந்தபோது காரை விட்டு இறங்காமலே சொன்னார்.

"நேத்து பஸ் முந்திருச்சு அம்மிணி."

"எந்த பஸ்ஸுங்?"

"அவ வந்த பஸ்ஸு. நான் போயிச் சேர்றப்ப அவ ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தா. ரோட்டையே பாத்துட்டு."

"கையைக் காட்டினாங்களா?"

"இல்ல. ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டா."

"அப்புறம்?"

"ஆட்டோவுல போயிட்டா."

சுகந்தி ஏறி உட்கார்ந்து அதே பழைய பேப்பரைப் பிரித்தார். அன்று ஒண்டிப்புதூர் தாண்டியும் குரல் நிற்கவில்லை. இருகூர் பிரிவில் ஒரு பஸ் ஆளை இறக்க நின்றது. நாச்சிமுத்துவின் காரும் அதன் பின்னால் நின்றது. கார் நின்றதைக் கவனிக்காமல் சுகந்தி படித்துக்கொண்டே போனார். எருமை, தன்னை விற்ற பழைய வீட்டின் தொழுவத்துக்கே நடந்து போய், அங்கே கன்று ஈன்றிருந்தது. தாயும் கன்றும் நலம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்."

நாச்சிமுத்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டறைக்கு வந்ததும் பழைய கேள்வியைக் கேட்டார்.

"சரி, எதைப் போடறது?"

சுகந்தி நாலாவது பெட்டியை எடுத்தார். அலமாரியிலிருந்து துளையோ கோடோ இல்லாத நாலு டிஸ்க்கை இறக்கினார்.

"முன்னாடி இருந்ததும் இதேதானே?"

"ஆமாங்."

"பந்தயத்துக்குப் போடறது இன்னும் கெட்டியாப் பிடிக்குமாமே."

"சூடானாப் பிடிக்கும். உங்க பழைய அவசரத்துல சூடாகும். இப்ப ஓட்டற ஓட்டத்துக்குச் சூடாகாதுங்."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. சுகந்தி கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"புது பேடும் புது டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு படியணும். முன்னூறு கிலோமீட்டருக்கு அமுக்கி மிதிக்காதீங்ணா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும்."

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை. ருக்குமணி உடுமலைக்குக் காரில் போனார். வழியில் கிணத்துக்கடவு வருவதற்கு முன்பே தூங்கிவிட்டார்.