ஆகாயத்தாமரைக்கு நடுவில் ஓர் எல்லைக்கல்

அநியாயத்துக்கும் ஒரு அளவு உண்டு. டவுன் சாக்கடை முழுவதையும் நாரைமடைக் கண்மாய்க்குள் திருப்பிவிட்டார்கள். அதைத் தின்றே ஆகாயத்தாமரை கொழுத்து, கரைக்குக் கரை தண்ணீரை மூடிவிட்டது. சாக்கடையைத் திருப்பிவிட்ட அதே ஆபீஸிலிருந்து அதிகாரி ஞானவரதன் ஒருநாள் ஜீப்பில் எல்லைக்கல்லோடு வந்து இறங்கினார். கையில் சாட்டிலைட் படம். ஊர்க்காரர்கள் கரையில் கூடினார்கள்.

"பாத்துக்குங்க, படம் முழுக்கப் பச்சை. இது கண்மாயே இல்ல, வெறும் புல்தரை. இங்க ஃபேக்டரி வரப்போகுது."

அந்தக் கண்மாயில் மீன் பிடித்துப் பிழைக்கும் வெள்ளத்தாயி முன்னால் வந்தாள். "அது ஆகாயத்தாமரை சார். அடியில ஆள் உசரத்துக்குத் தண்ணி கெடக்கு."

"ஆகாயத்துல இருந்து எடுத்த படத்தைவிட நீ பெரிய ஆளா? தண்ணி இருந்தா இந்தப் படத்துல காட்டு, பாப்போம்."

வெள்ளத்தாயி படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் தெரியவில்லை.

"நீங்க சொல்றதுதான் சரி சார்" என்றாள். ஊர்க்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். அவள் எல்லைக்கல்லைத் தூக்கி அதிகாரியின் கையில் வைத்தாள். "புல்தரைதானே, நேரா நடந்து போயி நட்டநடுவுல உங்க கையாலயே நட்டுட்டு வாங்க. நாங்க யாரும் மறிக்கல."

ஞானவரதன் கரையோரம் வரை போனார். பச்சை லேசாக அசைந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்ன, விளையாடுறியா? முங்கிச் செத்துருவேன்."

"எதுல சார் முங்குவீங்க?"

அவர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். கல் கையில் கனத்தது.

"சத்தமாச் சொல்லுங்க சார்" என்றாள் வெள்ளத்தாயி. "உங்க ஆகாயத்துக்குக் கேக்கட்டும்."