தாய்மாமன்கள் பீரோவோடு கப்பலேறிய கதை

சொன்னபடிப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதனாலேயே பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் அவர்களிடம் எந்த வேலையும் சொல்வதில்லை.

அந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் உடையப்பன், எதையும் யோசிக்காமல் முடிவு சொல்வார். நடுவில் வெள்ளைக்கண்ணு. அவர் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து, கடைசியில் அண்ணன் சொன்ன முடிவுக்கே வந்து சேருவார். கடைக்குட்டி சேவுகன், ஆள் தூண் மாதிரி இருப்பான். யோசிக்கிற வேலையை அண்ணன்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டதால் அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தங்கச்சி, அங்கம்மா. அவளைக் கடல் தாண்டிக் கிராம்புத்தீவில் ஒரு மளிகைக்கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

மார்கழிக் கடைசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது.

“அண்ணன்களுக்கு. பாப்பா பூங்கோதைக்கு வருகிற தை பதினொன்றாம் தேதி காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ‘உனக்குப் பிறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கா, இல்லே கடல்ல மிதந்து வந்தியா’ என்று என் மாமியார் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் வராவிட்டால் இந்த வீட்டில் நான் தலைநிமிர முடியாது. மூன்றாம் தேதி கப்பல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு சீட்டு வாங்கி வாருங்கள். சீட்டு இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.”

படித்து முடித்ததும் மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

“மிதந்து வந்தாளாமே! கல்யாணம் முடிச்சு நாமதானடா கப்பல்ல ஏத்தி விட்டோம்?” என்றார் உடையப்பன்.

வெள்ளைக்கண்ணு யோசித்தார். “கப்பலும் மிதக்கத்தானண்ணே செய்யுது. அந்தம்மா கேக்குறதுலயும் ஒரு ஞாயம் இருக்கு.”

மறுநாள் காலை டவுன் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் ஊசிக்கு “ஆத்தா!” என்று கத்தினார். உடனே உடையப்பன் தம்பிகளை வாசலில் இருந்த வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“டேய், நம்ம மூணு பேரு ஒடம்புலயும் ஓடுறது என்னடா?”

“ஒரே ரத்தம்ணே.”

“ஒரே ரத்தத்துக்கு எதுக்குடா மூணு ஊசி?”

“ஆனா சீட்டு மூணு வேணுமேண்ணே,” என்றார் வெள்ளைக்கண்ணு.

“அதனாலதான் சேவுகன் மூணு தடவை போவான்.”

சேவுகன் போனான். ஊசி போட்டுக்கொண்டு, சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வெள்ளைக்கண்ணுவின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மறுபடியும் போய் நின்றான். நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“யோவ், நீ இப்பத்தானே போட்டுட்டுப் போன?”

“அது சேவுகனுங்க. இப்ப வந்திருக்கிறது வெள்ளைக்கண்ணு.”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்துவிட்டார். “யாருக்குய்யா காது குத்துற?” என்று ஒரு அதட்டல் போட்டார்.

சேவுகனுக்கு ஒரே ஆச்சரியம். வீட்டு விசேஷம் டாக்டரம்மா வரைக்கும் தெரிந்திருக்கிறதே!

“எங்க தங்கச்சி மகளுக்குங்க. தை பதினொண்ணு. நீங்களும் அவசியம் வரணும்,” என்று கும்பிட்டான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மற்ற இரண்டு பேரையும் உள்ளே இழுத்துவரச் சொன்னார். உடையப்பன் போட்ட அலறலில் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“இதோ பாருங்க,” என்றார் டாக்டரம்மா. “அந்தத் தீவுல கொசு ஜாஸ்தி. நல்ல கொசு வலையா வாங்கிக்குங்க. தண்ணி மாறினா வயித்தைக் கெடுக்கும். இந்த மாத்திரையைக் காலையில வெறும் வயித்துல ஒண்ணு போட்டுக்குங்க. சீட்டைப் பத்திரமா வைங்க. முக்கியமா, ஒடம்பைப் பாத்துக்குங்க. திரும்பி வந்ததும் ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க.”

“அப்படியே செய்றோம்மா,” என்றார் உடையப்பன். அப்படியே செய்வார்கள் என்பது பாவம், டாக்டரம்மாவுக்குத் தெரியாது. வெளியே வந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டே, “படிச்சவங்கதான். ஆனா ரத்தபாசம் புரியலையேடா,” என்று வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சீட்டு மூன்றையும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவியைச் சேவுகனின் அரைஞாண் கயிற்றில் கட்டி, அதன்மேல் இரண்டு முடிச்சுப் போட்டார்கள். இதைவிடப் பத்திரம் அந்த ஊரிலேயே கிடையாது.

சாயங்காலம் கொசு வலையை வாசலில் கட்டிப் பழகிப் பார்த்தார்கள். கட்டியதும் வெள்ளைக்கண்ணுவுக்கு ஒரு சந்தேகம்.

“அண்ணே, இதுக்குள்ள யாரு இருக்கணும்?”

“மீன் வலைக்குள்ள என்னடா இருக்கும்?”

“மீன்.”

“அப்ப கொசு வலைக்குள்ள?”

வெள்ளைக்கண்ணு அண்ணனின் அறிவை மெச்சிக்கொண்டார். ஆனால் கொசு தானாக உள்ளே வருமா? தூண்டிலுக்குப் புழு மாதிரி ஏதாவது இரை வேண்டும். சேவுகனை வலைக்குள் உட்கார வைத்து ஓரமெல்லாம் நன்றாகச் செருகிவிட்டு, அண்ணன்கள் இரண்டு பேரும் வெளியே காத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே இருந்தவர்களின் முகம் பணியாரச் சட்டி மாதிரி ஆகிவிட்டது. சேவுகன் மேல் ஒரு கடி இல்லை.

“பாத்தியா, இவன் ஒடம்பைப் பாத்ததும் பயந்து ஒரு கொசுகூட உள்ள போகலை,” என்று சொறிந்துகொண்டே பெருமைப்பட்டார் உடையப்பன்.

மறுநாள் காலை ஆளுக்கு எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரையை எடுத்தார்கள். சட்டையைக் கழற்றினார்கள், பனியனையும் கழற்றினார்கள். சேவுகனின் வயிற்றில் திருநீற்றுப் பட்டை இருந்தது.

“பட்டை இருந்தா அது வெறும் வயிறாண்ணே?” என்று கேட்டார் வெள்ளைக்கண்ணு.

திருநீற்றை அழித்தார்கள்.

“அரைஞாண் கயிறு?”

“அது இடுப்புக் கணக்குடா. வயித்துல சேராது,” என்று தீர்ப்புச் சொன்னார் உடையப்பன். மூன்று பேரும் வெறும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று மாத்திரையை விழுங்கினார்கள்.

மிச்சம் இருந்தது உடம்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. கையைப் பார்த்துக்கொள்ளலாம், காலைப் பார்த்துக்கொள்ளலாம். முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது? வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி பீரோ கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடிதான். டாக்டரம்மா வேறு முக்கியமாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே பயணத்தன்று வாழைத்தார், பட்டுப்பாவாடை, தங்கத் தோடு என்று சீர்ச் சாமான்களோடு பீரோவும் மாட்டுவண்டியில் ஏறியது.

துறைமுகத்தில் ஓர் ஆபீசர் கையை நீட்டினார். “சீட்டு எங்க?”

“பத்திரமா இருக்குங்க,” என்றார் உடையப்பன்.

“அதான், எங்க?”

“வீட்டு பீரோல வெச்சுப் பூட்டியிருக்குங்க.”

“அப்ப வீட்டுக்கே போங்க. சீட்டு இல்லாம ஏத்த முடியாது.”

கப்பல் ஒரு தடவை ஊதியது. உடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து, பீரோவில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். “அங்கம்மா, ஒன்னைக் கைவிட்டுட்டமே! ஒன் மாமியா இனிமே என்னவெல்லாம் கேப்பாளோ!” வீட்டுக்குப் போய் வர முழுசாக இரண்டு நாள் ஆகும் என்று வெள்ளைக்கண்ணு விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அவரும் அழுதார். சேவுகன் கண்ணாடியில் தான் அழுவதைப் பார்த்து, பாவம் பார்த்து, இன்னும் கொஞ்சம் அழுதான்.

கப்பல் இரண்டாம் தடவை ஊதியது. ஆபீசர் திரும்பி வந்தார். “வழியில இருக்கே, இந்த பீரோ யாரோடது?”

“எங்களோடதுங்க,” என்று விசும்பினார் உடையப்பன்.

“எங்கேயிருந்து கொண்டு வந்தீங்க?”

“வீட்டுல இருந்துதாங்க.”

ஆபீசர் பீரோவை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பீரோ?”

“ஒண்ணே ஒண்ணுதாங்க.”

“சாவி இருக்கா?”

சேவுகன் இரண்டு முடிச்சையும் அவிழ்த்தான். பீரோவைத் திறந்தால் மேல்தட்டில் மூன்று சீட்டும் கசங்காமல் இருந்தன. வெள்ளைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீசரிடம், “நாங்கதான் முதல்லயே சொன்னமே, வீட்டு பீரோலதான் இருக்குன்னு,” என்றார்.

கப்பலில் ஐந்து நாளும் விடிந்ததும் மூன்று பேரும் மேல்தளத்தில் பீரோவின் முன்னால் வெறும் வயிற்றோடு நின்று உடம்பைப் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் தலைசீவுவதற்கு ஒரு வரிசையே நின்றது.

அங்கம்மாவின் வீட்டு வாசலில் நாலு ஆட்கள் பீரோவை இறக்கினார்கள். மாமியார் வாயில் கை வைத்தார். “ஏயம்மா! காதுகுத்துக்கே பீரோ சீரா!” என்று மருமகளை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். அங்கம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“சீர் இல்லீங்க,” என்றார் உடையப்பன் பணிவாக. “இது எங்க ஒடம்பைப் பாத்துக்கிறதுக்கு. போகும்போது எடுத்துட்டுப் போயிருவோம்.”

அங்கம்மாவின் முகம் வாடிப்போனது. இந்தக் கதையைக் கேட்ட எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

பதினொன்றாம் தேதி காலை. பந்தலில் ஊர்ச் சனம் கூடியிருந்தது. மூன்று வயதுப் பூங்கோதை பட்டுப்பாவாடையில் பெரியமாமன் மடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஆசாரி வெந்நீரில் போட்டு எடுத்த ஊசியோடு பக்கத்தில் வந்ததுதான் தாமதம், பழத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வீறிட்டாள். மடியிலிருந்து நழுவி ஓடி, அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். கெஞ்சினார்கள், மிட்டாய் காட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

“நல்ல நேரம் போகுது,” என்றார் மாமியார். “தாய்மாமன் மடி ராசி அவ்வளவுதான்போல.”

அங்கம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணன்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை மூன்று பேரையும் உலுக்கிவிட்டது.

“அண்ணே,” என்றார் வெள்ளைக்கண்ணு. “பாப்பாவும் நம்மளும் ஒரே ரத்தம்தானே?”

“ஆமா.”

“இது ஆஸ்பத்திரியும் இல்லையே?”

உடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சேவுகா, வாடா மடிக்கு!”

தூண் மாதிரி ஆள் வந்து மடியில் உட்கார்ந்ததும் உடையப்பனைக் காணவில்லை. வேட்டியின் கரை மட்டும் தெரிந்தது. ஆசாரி திகைத்துப்போய், “யாருக்குங்க குத்தணும்?” என்று கேட்டார்.

“பாப்பாவுக்குத்தான். இவன் காதுல குத்துங்க,” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

ஆசாரி குத்திவிட்டார். பிறகு விசாரித்தபோது தெரிந்தது, அவருடைய அம்மா சொன்னபடிப்பட்டியில் பிறந்தவராம்.

இரண்டு காதிலும் தங்கத் தோடு மின்ன, சின்னமாமன் பாப்பாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பூங்கோதை சேலையை விலக்கிப் பார்த்தாள். அழுகை நின்றது. கிட்டே வந்து தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். “என் தோடு! எனக்கு!” என்று காலை உதைத்தாள். சேவுகனைத் தள்ளிவிட்டு, தானே பெரியமாமன் மடியில் ஏறி உட்கார்ந்து காதைக் காட்டினாள். ஆசாரி வேறொரு ஊசி எடுத்துக் குத்தினார். குழந்தை மூச்சுக்கூட விடவில்லை. கழற்றிக் கழுவிய தோட்டைப் பாப்பாவுக்குப் போட்டு, சேவுகனின் துளையில் இரண்டு வேப்பங்குச்சியைச் செருகிவிட்டார்கள்.

மாமியாருக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. “பிறந்த வீடு இருக்கான்னு இனிமே கேக்க மாட்டேன்டி அங்கம்மா,” என்றார் தண்ணீரைக் குடித்துக்கொண்டே. “பிள்ளை அழக்கூடாதுன்னு தன் காதைக் குடுக்கிற மாமன் இந்தத் தீவுலயே யாருக்கும் கிடையாது.”

அங்கம்மா நிமிர்ந்து நின்றாள். சிரிப்பும் அழுகையும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

ஊர் திரும்பிய மறுநாளே, சொன்னபடி, டாக்டரம்மாவிடம் காட்டப் போனார்கள். அறைக்குள் முதலில் சேவுகன் போனான். டாக்டரம்மா அவன் காதில் இருந்த வேப்பங்குச்சியைப் பார்த்தார்.

“என்னய்யா இது? கடைசியில உனக்கே காது குத்திட்டாங்களா?”

“எனக்கில்லீங்கம்மா,” என்றான் சேவுகன். “பாப்பாவுக்குக் குத்தினதுதான். என் காதுல இருக்கு, அவ்வளவுதான்.”

டாக்டரம்மா இந்தமுறை கண்ணாடியைக் கழற்றக்கூட முடியாமல் சிரித்தார். பிறகு காதைத் திருப்பிப் பார்த்து, “லேசா வீங்கியிருக்கு. தினமும் காதைப் பாத்துக்கணும், சரியா?” என்றார்.

“சரிங்கம்மா,” என்ற சேவுகன் ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

“அண்ணே, பீரோவை உள்ள கொண்டாங்க!”