மாப்பிள்ளை வைத்த காவல்

அம்பாசமுத்திரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த சுடலைமுத்து வீட்டுக்கு, மூத்த மாப்பிள்ளை ரத்தினவேல் சென்னையிலிருந்து விருந்துக்கு வந்தார். வந்த கையோடு மாமனாரின் லேப்டாப்பில் வைரஸ் தடுக்கும் மென்பொருள்களை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டார்.

"இனிமே ஒரு ஈ கூட உள்ளே நுழையாது மாமா!"

ஈ மட்டுமல்ல, மாமாவாலும் நுழைய முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்தால் திரை நீலமாகி அணைந்துவிடும். சாயங்காலம் கொடுக்கவேண்டிய கல்யாண ஆல்பம் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

"கோளாறு லேப்டாப்லதான். நான் போட்டதுல ஒண்ணைக்கூட யாரும் எடுக்கக்கூடாது" என்று மாப்பிள்ளை கறாராகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பேச்சை அந்த வீட்டில் யார் மீறுவது?

இளைய மகள் இசக்கியம்மாள் முன்னால் வந்தாள். "எதையும் எடுக்க மாட்டேன் அத்தான். நான் பாக்கட்டுமா?"

அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டினாள். மறுபடி போட்டபோது கல்யாணப் பெண் திரையில் சிரித்தாள்.

"எதை எடுத்தே?" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணையும் எடுக்கல அத்தான். நீங்க வச்ச ரெண்டு காவல்காரங்களும் ஒருத்தரையொருத்தர் திருடன்னு நினைச்சுக் கட்டிப் புரண்டாங்க. ஒருத்தருக்கு லீவு குடுத்துட்டேன். உள்ளேதான் தூங்குறாரு."

மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அவருக்குப் பதிலா வேற ஒண்ணு போடட்டுமா?" என்று கையை நீட்டினார்.

சுடலைமுத்து லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வேண்டாம் மாப்ளை! தூங்குறவருக்கே இங்கே வேலை இல்லை!"