ராஜா பட்டினி கிடந்த விஜயதசமி

மருதங்காட்டை ஆண்ட மகுடபூபதி ராஜா நல்லவர்தான். ஒரே ஒரு குறை. சாப்பிடும்போது யார் என்ன கேட்டாலும் தலையாட்டிவிடுவார். அவர் எந்நேரமும் சாப்பிட்டுக்கொண்டே இருந்ததால் ராஜ்யத்தில் சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை.

அரண்மனையை ஒட்டி ஒரு பாலர் பள்ளி. பாகன், சமையல்காரன், சேவகன் வீட்டுக் குழந்தைகள், மூன்று நான்கு வயதில் இருபது பேர். பார்த்துக்கொள்ள பேச்சியம்மாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் பருப்புச் சோறும் முருங்கைக்கீரையும், அப்புறம் ஒரு தூக்கம். எந்தப் பிள்ளை அழுதாலும் அவள் மடியில் இடம் இருக்கும்.

தலைமைப் பண்டிதர் வாகீசருக்கு இது பொறுக்கவில்லை. அவர் ராஜாவைப் புகழ்ந்து முப்பத்திரண்டு வரியில் மெய்க்கீர்த்தி பாடியிருந்தார். ஊரில் ஒரு நாய்கூட அதைச் சீந்தவில்லை. பெரியவர்கள் ஓடிவிடுவார்கள், குழந்தைகளால் ஓட முடியாதல்லவா?

ராஜா லட்டு தின்னும் நேரம் பார்த்துப் போனார். "மகாராஜா, அது பள்ளியா, சத்திரமா? வயிறு காய்ந்தால்தான் படிப்பு ஏறும். இனி மெய்க்கீர்த்தி ஒப்பித்தால்தான் சோறு. பகல் தூக்கம் கிடையாது. அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. விஜயதசமிக்குள் ஒப்பிக்காவிட்டால் பேச்சியம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்."

ராஜா வாயில் லட்டு. "ம்" என்றார். சட்டமாகிவிட்டது.

விஜயதசமிக்கு முதல் நாள், பேச்சியம்மாள் அழுதுகொண்டே கொழுந்தப்பரிடம் வந்தாள். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவர் அவர். சபையிலேயே நாக்கு நீளமானவரும் அவர்தான்.

"என் வேலை போனா போவட்டும்யா. புள்ளைங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தான் வயித்த நனைக்குதுங்க. பாகன் மவ பூங்காவனம் இருக்காளே, வாய் ஓயாமப் பேசுவா. இப்ப பேச்சே இல்ல. கூப்பிட்டா என் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கிறா. பண்டிதரு அவள மந்தம்ங்கிறாரு. மகாராசாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா."

கொழுந்தப்பருக்கு நெஞ்சு கொதித்தது. "நிறைந்த வயிற்றுக்குக் காது கேட்காது பேச்சி. நாளைக்கு அந்த வயிறே பள்ளிக்கு வருகிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

மருதங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமியன்று பாலர் பள்ளியின் முதல் மாணவர் ராஜாதான். கிரீடத்தை வாசலில் வைத்துவிட்டு, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, தட்டிலே பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவார். அன்று பொழுது சாயும்வரை அவர் மாணவர். முன்னோர் போட்ட விதி. ராஜா எழுதிய கையோடு சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போய்விடுவார். அதற்காகவே காலையில் எதுவும் சாப்பிடாமல் வருவார்.

அன்றும் எழுதினார். கையை நீட்டினார். கொழுந்தப்பர் பொங்கல் உருளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முதலில் மெய்க்கீர்த்தி."

"விளையாடாதே. நான் ராஜா!"

"இன்று மாணவர். ராஜா வாசலில் இருக்கிறார். வேண்டுமானால் கிரீடத்துக்கு ஒரு கரண்டி பொங்கல் வைக்கட்டுமா?"

வெளியே ஊரே கூடி நின்றது. முன்னோர் விதியை மீறினால் மானம் போகும். ராஜா தொண்டையைச் செருமினார்.

"திக்கெட்டும் கொடி நாட்டி... கொடி நாட்டி... அப்புறம் என்ன நாட்டினேன்?"

பண்டிதர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். "உங்கள் விதியில் அது இல்லையே பண்டிதரே" என்று கொழுந்தப்பர் அடக்கினார்.

வெயில் ஏறி இறங்கியது. ராஜா இன்னும் கொடிதான் நாட்டிக்கொண்டிருந்தார். கண் செருகியது. "தூங்கக் கூடாது" என்றார் கொழுந்தப்பர். உதடு பிதுங்கியது. "அழக் கூடாது." அப்போது ராஜாவின் வயிறு யானை பிளிறுவதுபோல ஒரு சத்தம் போட்டது. இருபது குழந்தைகளுக்கும் சிரிப்பு முட்டியது. உடனே எல்லாரும் பண்டிதரைப் பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ராஜா அதைக் கவனித்தார். அதற்குள் அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்துவிட்டது.

பேச்சியின் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் தவழ்ந்து வந்தாள். பாவாடை மடிப்பிலிருந்து பாதி கடித்த பொரியுருண்டையை எடுத்து ராஜா கையில் திணித்தாள். பேச்சி திருட்டுத்தனமாகக் கொடுத்தது.

"அழுவாத. அவரு பாக்குறதுக்குள்ள முழுங்கிடு."

பூங்காவனம் வாய் திறந்து பேசியதைக் கேட்டுப் பேச்சி தேம்பினாள். ராஜா உருண்டையை முழுங்கினார். வெட்கமும் சேர்ந்து இறங்கியது. பொழுதும் சாய்ந்திருந்தது. எழுந்து போய் வாசலில் இருந்த கிரீடத்தைத் தலையில் வைத்தார்.

"வாகீசரே, இந்த முப்பத்திரண்டு வரியை எழுதிய அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்?"

பண்டிதர் நெளிந்தார். "பணியாரம், மகாராஜா."

"எத்தனை?"

"பதினெட்டு. நெய் ஊற்றி."

"அப்புறம்?"

"கொஞ்சம் தூங்கினேன்."

ராஜா அங்கேயே சுவரில் தொங்கிய சட்ட ஓலையைக் கிழித்தார். பொங்கலைப் பிள்ளைகளுக்குப் பரிமாறச் சொல்லி, கடைசியில் தாமும் தின்றார். பேச்சியம்மாள் இருக்கும்வரை பள்ளியில் அவள் வைத்ததே சட்டம் என்றார். மெய்க்கீர்த்தி மூட்டை கட்டப்பட்டது. பண்டிதருக்கு மறுநாளிலிருந்து கஞ்சி கிண்டும் வேலை.

ஒரு மாதம் போனது. ராஜா யானைமேல் வீதியில் வந்தார். பள்ளிக்குள்ளிருந்து இருபது குரல் ஒரே மூச்சில் பாடியது:

"பசி வந்தா அழுத ராசா,
பாதி உருண்ட தின்ன ராசா!"

தெருவில் நின்றவர்களும் கூடவே பாடினார்கள். பால்காரன் பாடினான். யானைமேல் இருந்த பாகனும் பாடிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜா முகம் சிவந்தது. "கொழுந்தப்பா! யார் கட்டிய பாட்டு இது? ஊர் முழுக்க மனப்பாடமாக இருக்கிறதே!"

"புதுப் புலவர் மகாராஜா. பண்டிதர் மந்தம் என்றாரே, அந்தப் பிள்ளைதான்."

ராஜா யானை குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "இதை அந்தப் புலவருக்குப் போடு."

"மாலை எதற்கு மகாராஜா? நீங்கள் தின்ற பாதி உருண்டை அவளுக்குப் பாக்கி இருக்கிறது. அதைக் கொடுங்கள், போதும்."