கிழக்குச் சுவரின் ஆச்சி

திருநெறிப் பண்பாட்டு மன்றத்தின் முன்கூடத்தில் மாதம் ஒருவருடைய ஓவியங்கள் இடம்பெறும். மாதத்தின் கடைசி நாளன்று அவை இறங்கிவிடும். ஆணிகளைப் பிடுங்கி, துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, சுவர்களுக்கு ஒரு கை வெள்ளையடிப்பார்கள். அடுத்த மாதம் பிறக்கையில் வேறொருவர் தம் படங்களோடு வந்து நிற்பார்.

இறக்கிய படத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்பது அங்கே ஒரு முறைமை. சுவாமிக்குச் சார்த்திக் களைந்த மாலையைப் போல இரு கைகளாலும் ஏந்தி, வெள்ளைத் துணியில் சுற்றி, வரைந்தவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இந்த முறைமைகளை வகுத்தவர் உமையாள் அம்மை. மன்றத்தில் ஓவியம் கற்பித்து வந்தார். காட்சிக்கூடமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. வயது நாற்பதைக் கடந்திருந்தது. அவருடைய மாணவர்களுள் மூத்தவரான சாத்தப்பனுக்கோ எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. சீடர் குருவை 'அம்மா' என்று அழைப்பார். குரு சீடரை 'அண்ணே' என்று அழைப்பார். இதைக் கேட்டு மற்ற மாணவர்கள் சிரித்த காலம் ஒன்று உண்டு. பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

சாத்தப்பன் இரும்புக்கடை நடத்தி ஓய்ந்தவர். மனைவி மெய்யம்மை ஆச்சி இறந்த பிறகுதான் தூரிகையைத் தொட்டார். வீட்டில் ஆச்சியின் புகைப்படங்கள் இருந்தன. ஆனால் படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தாலே ஆச்சி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அந்த முகம் அவர் முகமாக இராது. தாம் கண்ட முகத்தைத் தாமே வரைந்துவிட வேண்டும் என்று சாத்தப்பன் வகுப்பில் வந்து சேர்ந்தார்.

உமையாள் அம்மை அவரைச் செம்பும் குடமும் வரையச் சொன்னார். அடுத்த மழைக்காலம் வரையிலும் செம்பும் குடமும்தான்.

"அவள் உயிரோடு இருந்தவரைக்கும் நான் ஒரு செம்பைக்கூட எடுத்து வைத்ததில்லை அம்மா. இதைப் பார்த்தால் ஆச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள்" என்றார் சாத்தப்பன்.

"சிரிக்கட்டும் அண்ணே. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்" என்றார் குரு.

ஒருவழியாக ஆச்சியின் படம் உருவாயிற்று. கோயிலின் வெளிப்பிராகாரம், மாலை வேளை. கையில் பூக்கூடையோடு முன்னே நடக்கும் ஆச்சி, பின்தங்கிவிட்ட ஒருவரை விரைந்து வரச் சொல்வதைப் போலப் பாதி திரும்பிப் பார்க்கிறார். கண்ணில் கோபம், உதட்டில் கோபம் இல்லை. அவ்வளவுதான் படம்.

கார்த்திகை மாதம் சாத்தப்பனுடைய முறை. வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் கிழக்குச் சுவரில் அந்தப் படத்தை மாட்டினார்கள். செம்புகளும் குடங்களும் மற்ற சுவர்களுக்குப் போயின. வந்தவர்கள் செம்புகளை விரைந்து கடந்து ஆச்சியின் முன்னால் நின்றார்கள். ஆச்சியோடு பழகிய பெண்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடை சாத்திவிடுவார்கள், சீக்கிரம் வாருங்கள் என்று ஆச்சி அதட்டுவது காதில் விழுகிறது என்றாள் ஒருத்தி. சாத்தப்பன் எதிரே இருந்த பெஞ்சில் அமர்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநாள் கழித்து அவருக்கு நன்றாகப் பசித்தது.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. செம்புகள் இறங்கின, குடங்கள் இறங்கின. குறடும் கையுமாக உமையாள் அம்மை கிழக்குச் சுவருக்கு வந்தபோது, சாத்தப்பன் படத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நன்றாக இருக்கிற ஒன்றை எதற்காக இறக்க வேண்டும் அம்மா?"

குரு குறட்டைத் தாழ்த்தினார்.

சாத்தப்பன் மெல்லத் தம் வழக்கை எடுத்துரைத்தார். பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆளில்லாத கூடத்தில் மாட்ட வேண்டும். ஆச்சிக்கோ நாலு பேர் வந்துபோகும் இடம்தான் பிடிக்கும். இங்கே பாட்டு வகுப்புக்கு வருகிறார்கள், நூலகத்துக்கு வருகிறார்கள். போகிறவர் வருகிறவர் பார்வையில் அவள் இருந்துகொண்டே இருப்பாள். இறக்கிவிட்டால் இரண்டாம் முறை போனவளாகிவிடுவாள்.

உமையாள் அம்மை குறட்டைப் பெட்டியில் போட்டு மூடினார்.

"இருக்கட்டும் அண்ணே."

"எவ்வளவு நாளைக்கு?"

"உங்களுக்கு வேண்டுமென்கிற வரைக்கும்."

மற்ற மாணவர்கள் முணுமுணுத்தார்கள். நல்ல சுவர் ஒருவருக்கே போய்விட்டதாகவும், வயதில் மூத்தவர் என்றால் முறைமைகூட வளைகிறது என்றும் பேசிக்கொண்டார்கள். உமையாள் அம்மை அதையும் கேட்டுக்கொண்டார்.

மார்கழியில் கோலங்கள் வந்தன. தையில் ஏரிப் பறவைகளை வரையும் வயிரவன் வந்தார். கிழக்குச் சுவரின் நடுவில் ஆச்சி இருந்தமையால் அவருடைய பறவைக் கூட்டத்தைப் பாதியாகப் பிரித்து இரு பக்கமும் மாட்ட வேண்டியதாயிற்று.

"என் கொக்கெல்லாம் ஆச்சியைச் சுத்தித்தான் பறக்குது. கூடையில பூவா, பொரியா?" என்று அவர் கேட்டபோது கூடமே சிரித்தது. சாத்தப்பனும் சிரித்தார். ஆச்சியைப் பற்றி ஒருவர் பேசினாரே என்பதில் அவருக்கு மகிழ்ச்சி.

மாசியில் அப்படிப் பேசுவாரும் இல்லை. வந்தவர்கள் புதிய படங்களைத் தேடிப் போனார்கள். கிழக்குச் சுவரின் நடுப்பகுதிக்கு வந்ததும் அவர்களுடைய கண்கள் தாமாகவே ஒரு தாவு தாவி அப்பால் சென்றன. பாட்டு வகுப்பார் தம்புராவை உறையோடு ஆச்சி படத்தின்கீழ்ச் சாய்த்து வைத்தார்கள். யாரோ ஒருவர் சட்டத்தின் முனையில் குடையை மாட்டிவிட்டுப் போனார். அதைக் கண்ட சாத்தப்பன் காவலாளியைக் கடிந்துகொண்டார். மறுவாரம் அங்கே ஒரு பை தொங்கியது.

அதன்பின் அவருடைய வேலை காவலாகிவிட்டது. நாள் தவறாமல் வந்து எதிர்பெஞ்சில் அமர்வார். யார் நிற்கிறார்கள், யார் நிற்காமல் போகிறார்கள் என்று வருகிறவர் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வகுப்புக்குப் போவது குறைந்தது. தூரிகைகள் காய்ந்து விறைத்தன. புதிதாக ஏதும் வரையவில்லையா என்று உமையாள் அம்மை ஒருமுறை கேட்டதற்கு, இங்கே உட்கார்ந்திருக்கவே நேரம் சரியாக இருக்கிறது என்றார்.

மாதந்தோறும் வெள்ளையடிக்கும்போது படத்தின்மேல் துளி தெறிக்காமல் இருக்கச் செய்தித்தாளை ஒட்டி மூடுவார்கள். வேலை முடிந்ததும் கிழித்துவிடுவார்கள். அவர்களுக்கும் அது சுவரில் இருக்கும் மின்பெட்டியை மூடித் திறப்பதைப் போல ஒரு வேலையாகிவிட்டது.

வைகாசியில் ஒருநாள் மாலை மன்றத்தில் பதிக இன்னிசை ஏற்பாடாகியிருந்தது. மைக் செட் போட வந்தவர் ஊருக்குப் புதியவர். வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பெஞ்சில் இருந்த சாத்தப்பன் வாசலிலிருந்து கண்ணை எடுக்காமலே கை காட்டினார்.

"எதிர்ச்சுவரில் ஆச்சி படம் இருக்கும் பாருங்கள். அதற்குக் கீழே."

அவர் போனார், திரும்பி வந்தார்.

"அங்க படம் எதுவும் இல்லீங்களே ஐயா. பேப்பர்தான் ஒட்டியிருக்கு."

சாத்தப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

கிழக்குச் சுவரின் நடுவில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதன்மேல் தெறித்த சுண்ணாம்பு காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. மாதப் பிறப்பில் ஒட்டிய காகிதம். கிழிக்க மறந்து போயிருந்தார்கள். அன்றிலிருந்து ஒருநாள்கூட விடாமல் அவர் அந்தப் பெஞ்சில்தான், அந்தச் சுவருக்கு நேர் எதிரேதான், அமர்ந்திருந்தார்.

எழுந்து போய்க் காகிதத்தின் முனையைப் பிடித்து இழுத்தார். முதலில் பாதம் தெரிந்தது. பிறகு சேலைக் கரையும் பூக்கூடையும் தெரிந்தன. முகம் இருந்த இடத்தில் கை நின்றுவிட்டது. மைக் செட்காரர்தான் மீதியை மெதுவாக உரித்தார். உரித்தவர் இரண்டடி பின்னால் வந்து, படத்தை நன்றாகப் பார்த்தார்.

"யாரையோ கூப்பிடுறாங்க போலிருக்கே."

"என்னைத்தான்" என்றார் சாத்தப்பன்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போனார். உமையாள் அம்மை வகுப்பை முடித்துவிட்டுத் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆச்சியின்மேல் பேப்பர் இருந்தது."

"ஆமாம் அண்ணே."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"அன்றைக்கே பார்த்தேன்."

சாத்தப்பனுக்குச் சினம் மூண்டது. குருவிடம் அதற்குமுன் அவர் குரலை உயர்த்தியதில்லை. பார்த்தும் ஏன் சொல்லவில்லை, அவள் முகத்தை மூடி வைத்துவிட்டு என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். தாழ்வாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உமையாள் அம்மை கடைசித் தூரிகையின் நீரை உதறினார்.

"நாளைக்குச் சொல்வீர்கள், நாளைக்குச் சொல்வீர்கள் என்று நானும்தான் காத்திருந்தேன்."

சாத்தப்பன் தலை தாழ்ந்தது. முற்றத்தில் தம்புராவைச் சுருதி சேர்க்கும் ஒலி கேட்டது.

"குடையை மாட்டியவன்மேல் கோபித்தேன் அம்மா. பையை மாட்டியவனைத் தேடிக்கொண்டு அலைந்தேன்" என்றார். பிறகு, "எடுத்துவிடலாம்" என்றார்.

"மாதக் கடைசி வரட்டுமே?"

"இன்றைக்கே எடுத்துவிடலாம்."

இன்னிசை தொடங்க நேரம் இருந்தது. முக்காலியைப் போட்டு உமையாள் அம்மை ஏறினார். கீழே நின்று சாத்தப்பன் இரு கைகளையும் நீட்டினார். ஆறேழு மாதம் அசையாதிருந்த படம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல அசைத்ததும் கைக்கு வந்தது. அது இருந்த இடத்தில் பழைய வெள்ளை ஒரு கட்டமாக நின்றது. கேட்க வந்தவர்களில் ஒரு மூதாட்டி நடையை நிறுத்தி, "ஏன் செட்டியாரே, ஆச்சியை எங்கே கூட்டிப் போகிறீர்?" என்றாள். இத்தனை மாதமும் வாரம் தவறாமல் அந்தச் சுவரைக் கடந்து போனவள் அவள். இனி எப்போது பார்க்கலாம் என்றும் கேட்டாள்.

சாத்தப்பன் குருவைப் பார்த்தார்.

வரிசையில் பலர் இருக்கிறார்கள் என்றார் உமையாள் அம்மை. அவர்கள் எல்லாருக்கும் பிறகு முறை வரும். முறை வரும்போது புதிய படங்களும் வேண்டும். செம்பையும் குடத்தையும் ஊர் மறுபடி பார்க்காது.

மூதாட்டி அப்போது வருவதாகச் சொல்லி, இடம் பிடிக்க உள்ளே போனாள்.

உமையாள் அம்மை வெள்ளைத் துணியை விரித்தார். சாத்தப்பன் படத்தைக் கையில் ஏந்தியபடியே நிற்க, அவர் அதைச் சுற்றத் தொடங்கினார். துணி பிராகாரத்தை மூடியது, பூக்கூடையை மூடியது. முகத்தருகே வந்தபோது சாத்தப்பன் சற்றுப் பொறுக்கச் சொன்னார். பார்த்தார். வாசலையோ, வருகிறவர்களையோ அவர் அப்போது பார்க்கவில்லை. பிறகு தலையசைத்தார். துணி முகத்தையும் மூடியது.

உள்ளே முதல் பதிகம் தொடங்கியது. சாத்தப்பன் கையில் இருந்ததை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"மறுபடி முறை வருகிறவரைக்கும் இவள் எங்கே இருப்பாள் அம்மா?"

உமையாள் அம்மை துணியின் முனைகளைச் சேர்த்து முடிந்தார்.

"இந்தக் கேள்வியைத்தான் அண்ணே, அந்தச் சுவர் இத்தனை நாளும் உங்களைக் கேட்கவிடவில்லை."