தலைகீழ் மயில் சால்வை

ஒரு ஊர்ல ஒரு அண்ணியும் நாத்தனாரும் இருந்தாங்க. காலை ஆட்டாம கேளு. "ம்" கொட்டலேன்னா கதை பாதியிலயே எந்திரிச்சுப் போயிரும், சொல்லிட்டேன்.

அண்ணி பேரு வடிவு. அவ புருஷனோட தங்கச்சி பேரு சிட்டம்மா. சிட்டம்மாவுக்கு மலைமேல ஒரு ஊர்ல மாப்பிள்ளை பார்த்து, நாளும் குறிச்சாச்சு. அப்போ இவ ஒரே அழுகை. ஏன்? இவங்க வீட்டுக் கிணத்தடிக்கு தெனமும் ஒரு மயில் வரும். சிட்டம்மா கையிலேர்ந்துதான் கம்பு தின்னும். "அந்தக் குளிர்ல மயிலே கெடையாதாம் அண்ணி. மயில் இல்லாத ஊருக்கு நான் போகமாட்டேன்"னு சோறு தண்ணி இல்லாம படுத்துக்கிட்டா.

வடிவுக்கு மனசு கேக்கல. "அட கிறுக்கே, மயிலை நான் உன்கூடவே அனுப்பி வைக்கிறேன், எந்திரி"ன்னா.

எப்படி அனுப்புவா? ம் சொல்லு... ஆங், அப்படி.

வடிவு எதைப் பார்த்தாலும் "என்னதான் ஆகுதுன்னு பார்ப்போமே"ங்கற ஆளு. வெள்ளைக் கம்பளி நூலை எடுத்தா. அதுல பாசிமணி கோத்தா. கொண்டைக்கு நீலம், தோகைக்குப் பச்சை, காலுக்கு மஞ்சள். மணியெல்லாம் முன்னாடியே கோத்துக்கணும், பின்ன ஆரம்பிச்சுட்டா நடுவுல கோக்க முடியாது. அப்புறம் ரெண்டு ஊசியைப் பிடிச்சா. டிக்கு டிக்கு டிக்கு... வலை மாதிரி, ஓட்டை ஓட்டையா, பூப்பூவா விழுது சால்வை. முதுகு முடிஞ்சுது, தோளு முடிஞ்சுது. முன்னாடி தொங்கற நுனி மட்டும் பாக்கி. அங்கதான் மயில்.

அப்போ மொத மணி வந்துச்சு. ச்சிலுக்! பார்த்தா மஞ்சள். ஐயய்யோ! மேலேர்ந்து கீழ பின்னிக்கிட்டு வர்றா, மொதல்ல கொண்டை இல்ல வரணும்? காலு வருது! ஏன்னா இவ கொண்டையிலேர்ந்து கோத்துட்டா. பஸ்ஸுல கடைசியா படியில தொத்தினவன்தானே மொதல்ல எறங்குவான்? மணியும் அப்படித்தான்.

நூலை அறுத்துட்டு வேற கோக்கலாம்னா, கல்யாணச் சால்வைக்கு நூலை அறுக்கவே கூடாதுன்னு அந்த ஊரு வழக்கம். மறுநாளே கல்யாணம் வேற.

மஞ்சளைத் தள்ளி நீலத்தை முன்னாடி கொண்டாரப் பார்த்தா. மணி மணியைத் தாண்டுமா? அப்புறம் சால்வையை அந்தத் தோளு இந்தத் தோளுன்னு மாத்திப் போட்டுப் பார்த்தா. எப்படித் தொங்கவிட்டாலும் காலு மேலதான். அப்புறம் "சாமி, நீயாவது திருப்பி விடேன்"னு கும்பிட்டா. சாமி வந்து ஊசியா பிடிக்கும்? ம்? "சரி, வர்றபடி வரட்டும், என்னதான் ஆகுதுன்னு பார்ப்போமே"ன்னு பின்னி முடிச்சா.

கல்யாணம் முடிஞ்சு, வடிவு சிட்டம்மா தோள்ல சால்வையைப் போத்தினா. கூட்டமே கொல்லுன்னு சிரிச்சுது. மாப்பிள்ளையோட அத்தை, "என்னம்மா இது, மயிலு மரத்துலேர்ந்து விழுந்துருச்சா?"ன்னா. வடிவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "கோக்கறப்பவே தப்பு பண்ணிட்டேன்டி சிட்டு"ன்னா.

சிட்டம்மா குனிஞ்சு பார்த்தா. பார்த்துக்கிட்டே நின்னா.

"அண்ணி... இது நேராத்தானே நிக்குது!"

"என்னடி சொல்ற?"

"எதுக்க நிக்கற உங்களுக்குத்தான் தலைகீழு. போத்தியிருக்கற எனக்கு, காலு கீழ, கொண்டை மேல. கிணத்தடியில நின்னு என்னை அண்ணாந்து பார்க்குமே, அதே மாதிரி பார்க்குது அண்ணி!"

நம்பலையா? காலையில உன் சட்டையில இருக்கற யானையைக் குனிஞ்சு பாரு, எனக்கு நேரா நிக்கறது உனக்குத் தலைகீழாத் தெரியும்.

அப்புறம் என்ன, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "வண்டியை எடுக்கச் சொல்லுங்க"ன்னு சிட்டம்மாவே மொதல்ல ஏறி உக்காந்துட்டா. வழியெல்லாம் குனிஞ்ச தலை நிமிரல. எல்லாரும் புதுப்பொண்ணுக்கு வெக்கம்னு நெனச்சுக்கிட்டாங்க.

ம்?... சத்தமே காணோம். சரி, மயிலு மலையேறிருச்சு, கதை எறங்கிருச்சு, நீயும் தூங்கு.