ராஜா கட்டாத லாப வரி

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், பாவம். ஆனால் அமாவாசைக்கு அமாவாசை ஒரு புது வரி போடாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. ஒரு மாதம் இரண்டாவது தும்மலுக்கு வரி போட்டார். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அதற்கடுத்த மாதம் வந்தது லாப வரி. நிலத்தை விற்கிறவர், அதை வாங்கிய விலையைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைத்ததோ அதில் பாதியை அரண்மனையில் கட்ட வேண்டும்.

இதை ராஜாவின் காதில் ஓதியவர் வரியதிகாரி நவநீதராயர். மந்திரி சேந்தனாரின் ஆசனம் ராஜாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, சாமரக் காற்று அவர்மேலும் படுகிறதே என்று நவநீதராயருக்குப் பல வருஷமாக வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் உச்சிப்பொழுதில், அரண்மனைச் சமையலறையிலிருந்து வத்தக்குழம்பு வாசனை வந்து ராஜாவை வா வா என்று இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நவநீதராயர் ஒரு பெண்ணைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அரசே, இவள் அங்கம்மாள். லாபத்தை முழுங்கிவிட்டு வரி கட்ட மாட்டேன் என்கிறாள்!"

"என்னம்மா இது?" என்றார் ராஜா.

"மகாராசா, எங்க மாமனார் ஒரு கன்னுக்குட்டி விலைக்கு வாங்கின கரும்புக் காடு அது. நீங்க பக்கத்துல ஆனைக் கொட்டாரம் கட்டினீங்க. நிலத்து விலை மானத்துக்கு ஏறிப்போச்சு. ஆனா உங்க ஆனைங்க சுவத்துக்கு மேல தும்பிக்கையை நீட்டி ஒரு கரும்பு விடாம தின்னுடுதுங்க. நான் எதை வச்சுப் பொழைக்கிறது? தீவன வியாபாரி ஆத்தோரமா இருந்த அவர் நிலத்தைக் குடுத்துட்டு என் நிலத்தை எடுத்துக்கிட்டாரு. மண்ணுக்கு மண்ணு. காசுன்னு ஒண்ணை நான் கண்ணால பாக்கலை."

"கன்றுக்குட்டி விலை எங்கே, ஆற்றங்கரை நிலம் எங்கே! லாபம், லாபம்!" என்று குதித்தார் நவநீதராயர். "காசு இல்லையென்றால் புது நிலத்தை விற்றுக் கட்டட்டும்!"

"வித்துட்டா நாளைக்கு நான் எங்கே போவேன்?" என்று அங்கம்மாள் அழுதுவிட்டாள்.

ராஜாவுக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் பசி அதைவிடப் பெரிதாக இருந்தது. சட்டுபுட்டென்று முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் சேந்தனார் எழுந்தார்.

"அரசே, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். ராயரே, கையில் காசே வராமல் ஒன்றைக் கொடுத்து அதே மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டாலும் லாபம்தானா?"

"கொடுத்ததைவிட வந்தது உசத்தி என்றால் லாபம்தான்! மண்ணானாலும் மாடானாலும், ஆண்டியானாலும் அரசனானாலும் ஒரே சட்டம்!" மார்பை நிமிர்த்திக்கொண்டு சபையைச் சுற்றிப் பார்த்தார் ராயர்.

"அடடா! அப்படியானால் அரண்மனையிலேயே ஒரு பழைய பாக்கி இருக்கிறதே," என்றார் சேந்தனார். "நம் அரசர் தம் தங்கை பூங்கோதையைச் சேறையூர் ராஜாவுக்குக் கொடுத்தார். அந்த ராஜாவின் தங்கை கோமளவல்லியைத் தமக்கு மகாராணியாக எடுத்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். இதில் லாபம் எவ்வளவு?"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெதுவாகத் தலையைத் தூக்கி உப்பரிகையைப் பார்த்தார். மகாராணி விசிறியைக் கீழே வைத்துவிட்டாள். திருவிழாவுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த பூங்கோதை அவள் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காதைக் கொடுத்தார்கள்.

"சொல்லுங்கள்," என்றாள் மகாராணி. "லாபமா, நஷ்டமா?"

ராஜா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். லாபம் என்றால் தங்கை மட்டம். சேறையூர்க்காரன் படையோடு வந்து நிற்பான். நஷ்டம் என்றால் மகாராணி மட்டம். அதற்குச் சேறையூர்ப் படையே தேவலை.

"ரெண்டும்... சமம்," என்றார் ஈனக் குரலில். 

"சமமா?" என்று மேலேயிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

"ராயரே!" ராஜா கிட்டத்தட்ட அலறினார். "லாபத்தை மதிப்பிடுவது உம்முடைய வேலை. நீரே மதிப்பிட்டுச் சொல்லும்!"

நவநீதராயர் தொண்டையைச் செருமினார். "மகாராணியார்..." என்று ஆரம்பித்தார். பூங்கோதையின் வளையல் குலுங்கியது. "இல்லை, இளவரசியார்..." என்றார். மகாராணி லேசாக இருமினாள். ராயர் அப்படியே சபை நடுவில் மல்லாந்து படுத்து, தமக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சபையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

விட்டால் போதும் என்று ராஜா எழுந்து நின்றார்.

"கேளுங்கள்! நிலத்துக்கு நிலம் மாறினால் அது விற்பனை ஆகாது. லாபம் மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும். என்றைக்கு அது காசாகிக் கைக்கு வருகிறதோ, அன்றைக்கு வரி கட்டினால் போதும். அங்கம்மா, நீ போய்க் கரும்பு நடு."

"அந்தக் காசு எப்போது வரும் அரசே?" என்று படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்தார் ராயர்.

"வருகிறவரைக்கும் நீர் அவள் வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரும்!"

அங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய கும்பிடாகப் போட்டாள். சேந்தனாருக்குத் தம் கழுத்து முத்துமாலையையே கழற்றிப் போட்டார் ராஜா. தலை தப்பியது என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

தலைவாழை இலை போட்டிருந்தது. இலையில் உப்புகூட இல்லை. எதிரே பூங்கோதை வத்தக்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு?" என்றார் ராஜா.

"வரியைத் தள்ளிவைத்தீர்களே தவிர, தள்ளுபடி செய்யவில்லையே," என்றாள் மகாராணி. "எனக்குச் சொல்ல வேண்டிய பதில் என்றைக்கு வருகிறதோ, அன்றைக்குச் சாப்பாடு."

"யோசித்துச் சொல்லுங்கள் அண்ணா," என்றாள் பூங்கோதை, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்."